வலி என்று கத்தியவள்

போன வருடம் தேசியப் பெண்கள் ரக்பி அணி ஆடிய ஐந்து ஆட்டத்திலும் தோற்று வந்தது. ஸ்க்ரம்தான் காலை வாரியது. இரண்டு பக்கமும் தோளோடு தோள் கோர்த்துக் குனிந்து முட்டித் தள்ளுகிற அந்த இடத்தில் நம் பெண்கள் பின்னாலேயே போனார்கள். அடுத்த நாலு வருடத்துக்கு ஆள் சேர்க்கக் கிளம்பிய கோச் ஷைலஜா, சென்னைக்காரி, கயிற்றுப் போட்டியில் பேர்போன வடம்வலிப் பெண்களைத் தேடிக் கேரள எல்லையில் பாறசாலைக்கே வந்துவிட்டார்.

முன்வரிசையில் ஒரே ஓர் இடம். வெள்ளறடை வடம்வலி அணியிலிருந்து ஜின்சியும் அமிர்தாவும் தேர்வில் கடைசிவரை வந்தார்கள். ஆட்டோ ஓட்டும் ஜின்சிக்கு வயது இருபத்தெட்டு. இன்று விட்டால் அவளை இனி யாரும் கூப்பிடப் போவதில்லை, அது அவளுக்கே தெரியும்.

மழை விட்ட மைதானத்தில் மூன்று பேருக்கு மூன்று பேராக முட்டினார்கள். எதிரே அமிர்தா. ஜின்சி மூச்சைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கத்தினாள்.

"வலி! வலி! வலி!"

விசில் ஒலித்தது. ஷைலஜா ஓடிவந்து அவள் கழுத்தைப் பிடித்துப் பார்த்தார். "முன்வரிசையில கழுத்து வலியோட ஆடினா உயிருக்கே ஆபத்தும்மா. நீங்க போய் உக்காருங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

பட்டியலில் அவள் பேரை அடித்துவிட்டார். நடந்தது என்னவென்றே புரியாமல் ஜின்சி கோட்டுக்கு வெளியே போய் நின்றாள். கண் நிறைந்துவிட்டது. பேனா அமிர்தாவின் பேர்ப்பக்கம் நகர்ந்தது.

"மேடம்," என்றாள் அமிர்தா. "அவளுக்கு நோவு ஒண்ணும் இல்ல. எங்க ஊர்ல வலின்னா இழுன்னாக்கும்."

"இழுவா? இங்க தள்ளத்தான வேணும்?"

"ஒம்பது வருஷம் வடம் பிடிச்ச வாயி மேடம். தள்ளுன்னு சொன்னா இங்க பீத்துறதுன்னு சிரிப்பாங்க."

ஷைலஜா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். மறுபடி முட்டச் சொன்னார். இந்தத் தடவை ஜின்சி கத்திய கத்தலில் அமிர்தா நாலடி பின்னே போனாள். விட்டுக்கொடுத்தாளோ என்று ஜின்சி தரையைப் பார்த்தாள். சேற்றில் அமிர்தாவின் குதிகால் உழுத தடம் ஒரு சாண் ஆழம் கிடந்தது. பெண் முழுசாகத்தான் எதிர்த்திருக்கிறாள்.

இடம் ஜின்சிக்கு. திரும்பும்போது ஆட்டோவில் இரண்டு பேரும்தான்.

"நீ வாயத் தெறக்காம, மிண்டாம இருந்திருந்தா சீட்டு உனக்காக்கும், மக்கா."

"தெரியும்டீ. மிண்டாம இருந்துட்டு உன் ஆட்டோவுல எப்படி ஏறுவேன்?"

நன்றி என்ற சொல் அவர்களுக்குள் வழக்கமில்லை. பெருங்கடவிளை வளைவில் ஜின்சி வண்டியை ஓரம் கட்டி, தோழியின் சேறு பிடித்த கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அணியின் முகாமிலிருந்து ஜின்சி அமிர்தாவை அழைத்தாள். "கேளு," என்று போனைத் தூக்கிப் பிடித்தாள். மைதானத்தில் ஒடிசாப் பெண்களும் பீகார்ப் பெண்களும் முட்டிக்கொண்டு ஒரே குரலில் கத்தினார்கள்: "வலி! வலி! வலி!"

அந்தப் பக்கம் அமிர்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"பாவம்டீ, ரொம்ப நோவுது போல. டாக்டரை விளி."