ஒன்பதாம் மாடிக் குடியரசு

இதில் ஒரு எழுத்துப் பொய்யானாலும், சொன்னவனுக்கு இந்தப் பனிக்காலம் முழுக்க மோர்னிங்சைட் பஸ் ஒன்றும் நிற்காமல் போகட்டும்.

1995. ஊரில் நடந்த போருக்குத் தப்பிக் கனடா வந்து மோர்னிங்சைட்டில் ஒரே கட்டிடத்தில் குடியேறியவர்கள், அதற்குள்ளேயே ஒரு உள்நாட்டுப் போரைத் தொடங்கியிருந்தார்கள். ஊர்ச் சங்கம் இரண்டாகப் பிளந்துவிட்டது. கோடை ஒன்றுகூடலுக்கு மட்டன் ரோல்ஸா, மீன் கட்லட்டா என்பதுதான் பிரச்சினை. ரோல்ஸ் அணித் தலைவர் ஜெயரட்ணம், கட்லட் அணித் தலைவர் ஸ்ரீதரன். இரண்டு பேரும் கனகாம்பிகையின் கூடப்பிறந்த தம்பிமார்.

கனகாம்பிகைக்கு இரண்டும் வேண்டாம். மகள் மதுராவுக்குக் கல்யாணம். மணவறைக்குக் கைபிடித்துக் கூட்டிவரத் தாய்மாமன் வேண்டும்.

"அவன் வந்தா நான் வரமாட்டன், அக்கா," என்றார் ஜெயரட்ணம்.

"அண்ணை வந்தா நான் மிசிசாகாவுக்கே வீடு மாறிப்போடுவன்," என்றார் ஸ்ரீதரன்.

"அப்ப சரி. நாளையில இருந்து என்ர ஒன்பதாம் மாடி தனிநாடு. உங்கட சண்டையை எல்லைக்கு வெளியில வையுங்கோ."

மறுநாள் கொறிடோரில் மணவறை எழும்பியது. ஓமப் புகைக்கு அலாரம் அடிக்காமலிருக்க அதற்கு ஷவர் தொப்பி போட்டார்கள். கனகாம்பிகையின் புருஷன் மாமாங்கம் லிஃப்ட் வாசலில் கதிரை போட்டு எல்லையைக் காத்தார்.

அங்கே சங்கமே இல்லாதபடியால் எதிர்ச்சங்கமும் இல்லை, போனால் தோல்வியாகாது என்று இரண்டு தலைவர்களும் தனித்தனியே கணக்குப் போட்டு லிஃப்ட் ஏறினார்கள்.

"கோட்டையும் தலைவர் பதவியையும் இதில கழட்டிப்போட்டு உள்ள போங்கோ," என்றார் மாமாங்கம் இருவரிடமும்.

ஆளுக்கொரு கையைப் பிடித்து மதுராவைக் கூட்டிவந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை.

சாப்பாடு முடிந்து, கழட்டிப்போட்ட கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கியபோதுதான் பிசகு நடந்தது. இருவரும் கனடா வந்த புதிதில் ஒரே தேவாலயத்தில் கிடைத்த ஒரே மாதிரிக் கறுப்புக் கோட்டுகள் அவை. பின்னேரம் ஜெயரட்ணம் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, உங்கட சங்க முத்திரை என்ர பொக்கெட்டுக்குள்ள கிடக்கு."

"உன்ர மண்டபப் பூட்டின்ர திறப்பு என்னட்டக் கிடக்கு. முத்திரை இல்லாம நான் என்னத்தை ஆளுறது? கொண்டு வாடா."

"இப்பவோ?"

"ஓம், இப்பதான். கட்லட் பொரிச்சுக் கிடக்கு, ஆறப்போகுது."

ரோல்ஸ் அணித் தலைவர் வீட்டில் கட்லட்! செய்தி மேலே வந்ததும் கனகாம்பிகை ஷவர் தொப்பியைக் கழற்றினாள். ஒரு பகல் வாழ்ந்த குடியரசு அத்தோடு கலைந்தது. அடுத்த ஒன்றுகூடலில் இரண்டும் பரிமாறினார்கள்.

அந்தக் கட்டிடத்துக்கு மொத்தமே எட்டு மாடிதான்.