நூல் நுழையாத திங்கட்கிழமை

அந்தச் சுண்ணாம்புக் குகையில் வேலை பார்க்கும் பதினாறு பேருக்கும் அவள் தங்கச்சிதான். நாற்பத்தோரு வயது, கல்லூரிக்குப் போகும் மகள், முன்நெற்றியில் நரை, இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. அங்கே வழிகாட்டியாக இருக்கும் அண்ணன்காரன் முதல் நாள் "என் தங்கச்சி" என்று கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. அவளைவிட ஆறு வயது சின்னவரான மேனேஜர்கூட, "தங்கச்சி, ரெண்டாவது கூடத்துல படி வழுக்குது" என்பார்.

வேலை வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான். அதை அவள் மறந்தாலும் அவன் மறப்பதாக இல்லை. பதினோரு வருஷமாக மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துச் சொல்லிவிடுவான், அதுவும் நாலு பேர் இருக்கும்போது.

வேலை என்னவென்றால், குகையைத் துடைப்பது. குகையைப் போய் யாராவது துடைப்பார்களா என்று அவள் தெருவில் அவளைக் கேட்காத ஆள் கிடையாது. மலையேறிப் பார்க்க வருகிறவர்கள் சும்மாவா வருகிறார்கள்? சட்டையிலிருந்து நூலும் பஞ்சும், தலையிலிருந்து முடியும், தோளிலிருந்து தூசும் உதிர்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு வருஷம் விட்டுவைத்தால் ஒரு தலையணை அடைக்கலாம். அது ஈரக் கல்லில் படிந்தால் கல் கறுத்துப் போகும். எனவே தங்கச்சி மெல்லிய தூரிகையும் முடி பிடுங்கும் இடுக்கியுமாக, தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, கூடம் கூடமாகச் சுற்றுவாள்.

குகைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை மூன்றாவது கூடத்தில் இருந்தன. மேலேயிருந்து தொங்கும் கல் ஒன்று, அதற்கு நேர் கீழே தரையிலிருந்து வளரும் கல் ஒன்று. மேலே இருப்பது மாப்பிள்ளை, கீழே இருப்பது பொண்ணு. நடுவில் மயிரிழை இடைவெளி. அண்ணன் கூட்டத்தைக் கம்பித் தடுப்புக்கு வெளியே நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பான். கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்று சும்மாவா சொன்னார்கள், இதுகள் ரெண்டும் சேர இன்னும் நூறு வருஷம் ஆகும் என்பான். பிறகு "உஷ்" என்று விளக்கை அணைப்பான். கும்மிருட்டில் மாப்பிள்ளை ஒரு சொட்டு விடுவார், டிக். கூட்டம் பெருமூச்சு விடும். பாதிப் பேர் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொள்வார்கள், சரியான கையா என்பது வேறு விஷயம்.

இருபத்திரண்டு வருஷமாக அண்ணன் இதைச் சொல்கிறான். அந்த நூறு மட்டும் ஒரு வருஷம்கூடக் குறையவில்லை. வாசல் பலகையிலும் நூறுதான், கடையில் விற்கும் கோப்பையிலும் நூறுதான்.

திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை. தங்கச்சிக்கு அன்றுதான் முழு வேலை. கல்லைத் தொடக்கூடாது, அந்த இடைவெளியில் தூரிகையும் போகாது. அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பலகை போட்டு ஏறி, ஒரு நூலின் இரு முனையையும் இரண்டு கையில் இழுத்துப் பிடித்து, பல்லிடுக்கைச் சுத்தம் செய்வதுபோல் நடுவில் விட்டு மெல்ல எடுப்பாள். ஒட்டியிருக்கும் பஞ்சும் முடியும் கூடவே வந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை நூல் நுழையவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பட்டு நூலைப் பிரித்து ஒற்றை இழையாக்கிப் பார்த்தாள். இழை கல்லின் ஓரத்தில் வந்து நின்றது, பூட்டிய கதவு முன்னால் நிற்கும் விருந்தாளி மாதிரி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். மேலே இருந்து வந்த ஈரம் நிற்காமல், சொட்டாமல், அப்படியே வழிந்து கீழே போய்க்கொண்டிருந்தது. இரண்டு கல்லும் சேர்ந்துவிட்டன. எத்தனை ஆயிரம் வருஷமாக நடந்த சமாசாரம் முடிந்துபோயிருக்கிறது. பார்த்த முதல் ஆள், கையில் இடுக்கியோடு நிற்கும் அவள்.

ஓடிப்போய் முதலில் அண்ணனிடம் சொன்னது அவள் செய்த தப்பு. அவன் ஆச்சரியப்படவில்லை, முகம் வெளுத்தான். அடுத்த நிமிஷமே, மேனேஜர் காதில் விழும்படி, "அழுக்கு அடைச்சிருக்கும். ஒழுங்காத் தொடைச்சாத்தானே" என்றான்.

மேனேஜருக்கும் அழுக்காக இருந்தால்தான் வசதி. நூறு வருஷம் என்று அச்சடித்த கோப்பை எட்டுப் பெட்டி கடைப் பின்னறையில் இருந்தது. சனிக்கிழமை கல் டாக்டர் வருஷப் பார்வைக்கு வருகிறார், அவர் பார்த்து அழுக்கு என்று சொன்னால் தங்கச்சி வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மெமோவே எழுதிக் கொடுத்துவிட்டார். கல் டாக்டர் என்பது மருத்துவர் இல்லை. பாறையைப் பற்றிப் படித்துவிட்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து, கல்லுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துப் போகும் ஒரு அம்மாள்.

வேலை போவதுகூட அவளை அவ்வளவு சுடவில்லை. பதினோரு வருஷம் துடைத்தவளைப் பார்த்து அழுக்கு என்றானே, அதுதான் சுட்டது. இன்னொன்றும் இருந்தது. அலுவலக அலமாரியில் தடித்த பதிவேடு ஒன்று உண்டு. எந்தக் கூடத்தை, எந்தக் கல்லை, யார் முதலில் பார்த்தது என்று "கண்டவர்" என்னும் பத்தியில் எழுதியிருக்கும். வெடி வைத்தவர், அளவெடுத்தவர், ஆட்டைத் தேடி உள்ளே விழுந்தவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஆட்டின் பேர்கூட இருந்தது. துடைத்தவர் யாரும் இல்லை.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் மாப்பிள்ளை பொண்ணுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் ஒரு சொட்டு விழவில்லை. சாயங்காலம் அண்ணன் கூட்டத்தைக் கூட்டி வந்தபோது, ஏதோ துடைப்பதுபோல் பின்னால் நின்றாள். "உஷ்." விளக்கு அணைந்தது.

டிக்.

தங்கச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிஜச் சொட்டு என்றைக்கும் இப்படிச் சொன்ன பேச்சுக் கேட்டதில்லை. சில நாள் ஒரு நிமிஷம் காக்கவைக்கும், கூட்டத்தில் குழந்தை அழ ஆரம்பித்துவிடும். இது கூப்பிட்டவுடன் வந்தது. அதுவும் கல் இருக்கும் பக்கத்திலிருந்து இல்லை, அண்ணன் நிற்கும் பக்கத்திலிருந்து. அந்த டிக்கை அவள் அறிவாள். சின்ன வயசில், போர்வைக்குள் படுத்துக்கொண்டு நாக்கை அண்ணத்தில் தட்டி, குழாய் ஒழுகுகிறது என்று அம்மாவை எழுப்பிவிடுவான். அப்பா இரண்டு தடவை குழாயைக் கழற்றிப் பார்த்து, இரண்டாவது தடவை உடைத்தே விட்டார்.

ஆக, அவனுக்குத் தெரியும். சொட்டு நின்றது தெரிந்து, முழுப் பூசணிக்காயை நாக்குக்குக் கீழே மறைத்துவைத்திருக்கிறான்.

டிக்கெட் ஜன்னலில் உட்காரும் அண்ணியிடம் போய்ச் சொன்னாள். அண்ணி டிக்கெட் கட்டை மூடிவைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் நாக்கைப் பத்தி என்கிட்டயே சொல்றியா?" என்றாள். "ரெண்டு மாசமா குளியலறைல டிக்கு டிக்குன்னு ஒரே சத்தம். நான் குழாய் ரிப்பேர்காரரை வரச் சொல்லிட்டேன். அவர் அரை மணி நேரம் தேடிட்டு, எனக்குக் காது பார்க்கச் சொல்லிட்டுப் போனார்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். சிரித்து முடித்ததும் தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது சிரிப்பால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை. மேனேஜரிடம் போகலாமா என்று அண்ணி கேட்டாள். வேண்டாம் என்றாள். நாக்குக்குச் சாட்சி சொல்ல இன்னொரு நாக்கு போதாது.

சனிக்கிழமை கல் டாக்டர் வழக்கம்போல் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அண்ணன் பேச்சைக் கேட்டார். பேச்சு அவருக்குப் பிடிக்கும். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால். நாற்பது பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆயிரங்காலத்துப் பயிர் ஆயிற்று, நூறு வருஷமும் ஆயிற்று. தங்கச்சி மெல்ல நகர்ந்து அண்ணனுக்கு எதிரே வந்து நின்றுகொண்டாள்.

"உஷ்."

இருட்டு. நாற்பது பேரின் மூச்சு. டிக் என்று வந்த அதே நொடியில் அவள் நெற்றி டார்ச்சைத் தட்டினாள். வெளிச்சம் நேராக அண்ணன் முகத்தில் விழுந்தது. வாய் கால்வாசி திறந்திருக்க, நாக்கு நுனி அண்ணத்தில் ஒட்டியபடி, அடுத்த சொட்டுக்குத் தயாராக நின்றான்.

"அண்ணே, குழாயை மூடு" என்றாள் தங்கச்சி.

முதலில் சிரித்தது ஒரு சின்னப் பெண். பிறகு கூடமே சிரித்தது. கல் டாக்டர் சிரிக்கவில்லை. கம்பிக்கு அடியில் குனிந்து, அவருக்காகப் போட்டுவைத்திருந்த பலகையில் ஏறி, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று யாரும் மணி பார்க்கவில்லை. மேனேஜர் மட்டும் இரண்டு தடவை, அழுக்குதானே மேடம் என்று கேட்டார்.

"அழுக்கா? இவ்வளவு சுத்தமான கல்லை நான் எங்கயும் பார்த்ததில்ல" என்றார் கல் டாக்டர், திரும்பாமலே. "சேர்ந்தாச்சு. சுத்தி வளையமாப் புதுக் கல்லு பிடிச்சிருக்கு. எப்ப சேர்ந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் நிச்சயமாகத் திறக்கவில்லை.

தங்கச்சி துடைப்பான் வைக்கும் பெட்டிக்குப் போய் ஒரு நோட்டை எடுத்துவந்தாள். மகள் பாதி எழுதிவிட்டுப் போட்ட பள்ளிக்கூட நோட்டு. மீதிப் பக்கங்களில் தேதி போட்டு, அன்று நுழைந்த நூலில் ஒரு துண்டை ஒட்டிவைத்திருந்தாள். முதல் வருஷம் ஸ்வெட்டர் பின்னும் கம்பளி நூல். பிறகு மூட்டை தைக்கும் நூல். அதற்கப்புறம் தையல் நூல், கடைசியில் பட்டு நூல். எந்த நூல் என்றைக்கு நுழையாமல் போனது, அடுத்து எது நுழைந்தது என்று எல்லாம் இருந்தது. மறுபடி அதே நூலை வாங்க நிறம் மறந்துவிடக்கூடாது என்றுதான் ஒட்டினாளாம். கடைசிப் பக்கங்களில், ஒன்பது வாரத்துக்கு முன்னால், "உரசிக்கொண்டு போனது" என்று எழுதியிருந்தது. அதன்பின் ஏழு வாரம் கூடத்துக் கூரையில் வேலை நடந்ததால் பலகை போட விடவில்லை என்று ஒரு குறிப்பு. போன வாரம் மகளுக்குக் காய்ச்சல், லீவு.

கல் டாக்டர் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷம் வாராவாரம் ஒரு இடைவெளியை அளந்த கணக்கு எந்தக் குகையிலும் தன் கண்ணில் பட்டதில்லை என்றார். தங்கச்சிக்கு அளந்தது என்று அதுவரை தெரியாது. துடைத்தது என்றுதான் நினைத்திருந்தாள். நோட்டை இரண்டு நாள் கொடுப்பீர்களா என்று அவர் "மேடம்" போட்டுக் கேட்டபோது, யாரைக் கேட்கிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

அலுவலகத்தில் பதிவேடு திறந்தது. மேனேஜர் பேனாவை உதறிக்கொண்டு, நிறுவனத்தின் பேரில் பொதுவாக எழுதிவிடலாமா என்று இழுத்தார். அண்ணன் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"என் தங்கச்சி பேரை எழுதுங்க சார்" என்றான். "நான் ரெண்டு மாசம் மறைச்சதை அவ ஒரு நூலை வச்சுக் கண்டுபிடிச்சா. அந்த ஆட்டுக்குப் பக்கத்துலயே எழுதிடாதீங்க, தனி வரியில எழுதுங்க."

அவள் முழுப் பேரைச் சொல்லும்படி மேனேஜர் கேட்க வேண்டியிருந்தது. பதினோரு வருஷத்தில் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அண்ணிதான் ஜன்னலிலிருந்து எழுத்தெழுத்தாகச் சொன்னாள், மலையடிவாரம் வரை கேட்கும்படி. மெமோவைத் தங்கச்சி அவர் மேஜையிலேயே திருப்பி வைத்தாள், இடுக்கியால் பிடித்து.

கோப்பைகள் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. "சேருவதற்கு முன்" என்று ஒரு அட்டையைச் செருகி, அதே மேனேஜர் பத்து நாளில் எட்டுப் பெட்டியையும் விற்றுத் தீர்த்தார்.

இப்போதும் அண்ணன் விளக்கை அணைக்கிறான். பழக்கம், விடவில்லை. "உஷ், கேக்குதா?" என்கிறான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது, ஒரு சத்தமும் இல்லை. "கேக்கலைல்ல? சேர்ந்துட்டாங்க. என் தங்கச்சிதான் முதல்ல பார்த்தா" என்கிறான். அந்த இருட்டில் கைதட்டல் எழுகிறது, குகைக்குள் கைதட்டக்கூடாது என்ற பலகைக்கு முன்னாலேயே.

தங்கச்சி அப்போதெல்லாம் அவனுக்கு எதிரே, நெற்றி டார்ச்சில் ஒரு கை வைத்தபடிதான் நிற்கிறாள். அண்ணனை அவளுக்கு நாற்பத்தோரு வருஷமாகத் தெரியும்.