காரம் போதவில்லை

சுங்கை லாலாங்கை அடுத்திருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை, மலாயாவுக்குள் நுழைந்த ஜப்பானியப் படைக்கு அஞ்சி, தம் நாயை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கு நோக்கி ஓடிய அன்று, தோட்டத்தின் தலைமைப் பதவி பெரிய கிராணி பரஞ்சோதியின் மடியில் வந்து விழுந்தது. இருபதாண்டுகள் எழுத்து வேலை பார்த்தவர் அவர். ஏட்டில் உள்ளபடியே தமிழ் பேசுவது அவருடைய பெருமை. ஆயினும் தலைமை தாங்குவது எப்படி என்று அவருக்கு எவரும் கற்பித்ததில்லை. ஆகவே, அதனைப் புதிய எசமானரிடமிருந்தே கற்றுக்கொண்டார்.

பாடம் சிறிதுதான். ஜப்பானிய அதிகாரி முதன்முறையாக வந்து ஏதோ கட்டளையிட்டபோது, பரஞ்சோதி மிக்க பணிவுடன், "எதற்காக?" என்று மலாயில் வினவினார். கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விழுந்தது. "ஹை" என்று மட்டுமே சொல்ல வேண்டும் என்பது அந்தக் கணமே அவருக்கு விளங்கிவிட்டது. ஜப்பானியர் மொழியில் அதற்கு 'ஆம்' என்று பொருள்.

கன்னம் ஆறுவதற்குள் அதனையே தோட்டத்தின் சட்டமாக்கிவிட்டார். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களைப் பெயர் கூப்பிட்டு முடித்ததும், கவிழ்த்த பால் வாளியின்மேல் ஏறி நின்றார்.

"இனி எவரும் எதையும் கேட்கலாகாது. நான் சொல்வேன், நீங்கள் 'ஹை' என்பீர்கள். விளங்கிற்றா?"

"விளங்கலீங்களே, ஐயா" என்றாள் பால்வெட்டுக்காரி காளியம்மா.

பரஞ்சோதி முறைத்தார்.

"ஹை!" என்றாள் காளியம்மா.

இவ்வாறு ஓராண்டு ஓடிற்று. ரப்பரை ஏற்றிச் செல்லக் கப்பல் இல்லை. ஊரில் குளிக்கவும் துவைக்கவும் சவுக்காரமும் இல்லை. நாற்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் அதிகாரி மீண்டும் வந்தார். ஒரு மாதத்தில் முந்நூறு கட்டிச் சவுக்காரம் செய்து தர வேண்டும் என்றார். பிறகு, பத்துக் கோடு போட்ட தாள் ஒன்றை நீட்டினார். சவுக்காரம் வரவில்லையென்றால் அதில் பத்துப் பெயர்களைப் பரஞ்சோதியே எழுத வேண்டும். பத்துப் பேரும் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போக வேண்டும். முதற்பெயர் பரஞ்சோதியுடையது.

அருகிலிருந்த சிடாம் கிரிப் பக்கத்திலிருந்து சயாமுக்கு லாரி ஏறியவர்களிடமிருந்து அதுவரை ஒரு கடிதமேனும் வந்ததில்லை.

"ஹை" என்றார் பரஞ்சோதி. வேறென்ன சொல்வார்?

ரப்பர் ஆலைக்குப் பின்னால் பெரிய கொப்பரை ஒன்று அடுப்பில் ஏறிற்று. தேங்காய் எண்ணெயையும், சாம்பலை ஊறவைத்து வடித்த நீரையும் அதில் ஊற்றினார்கள். கிண்டுவதற்கு அம்மாசி அமர்த்தப்பட்டான். தோட்டத்து முனியாண்டி பூசைக்கு ஆண்டுதோறும் ஆட்டுக்கறி சமைப்பவன் அவனே. பெரிய கொப்பரையும் நீண்ட துடுப்பும் அவனுக்குப் புதியவை அல்ல.

முதல் ஈடு கூழாகவே கிடந்தது. பரஞ்சோதி ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார், எங்கோ படித்ததை நினைவுகூர்ந்தார்.

"காரம் போதவில்லை. காரத்தைக் கூட்டு."

அம்மாசி தலையைச் சொறிந்தான். கேட்பதற்காக வாயையும் திறந்தான். காளியம்மா அவன் விலாவில் இடித்தாள்.

"ஹை!" என்றான் அம்மாசி.

அடுத்த ஈடு கட்டியாக இறுகிற்று. ஆனால், நிறம் மட்டும் செக்கச் செவேலென்று இருந்தது. பரஞ்சோதிக்குக் காரணம் விளங்கவில்லை. வினவினால் தலைமைக்கு இழுக்கு என்று எண்ணி, "நான் எதிர்பார்த்த நிறந்தான்" என்று கூறிவிட்டார். முந்நூறு கட்டிகளும் குறித்த நாளில் லாரி ஏறின.

நான்காம் நாள் அதிகாரியின் கார் வந்து நின்றது. இறங்கியவரின் கண்கள் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன, இமைகள் வீங்கியிருந்தன.

"குத்து!" என்று முழங்கினார் அதிகாரி.

அம்மாசி இரண்டடி பின்வாங்கினான். பேன், பூச்சியை மலாயில் அவ்வாறு சொல்வார்கள் என்பது அவனுக்குத் தெரியும். எனினும் அச்சத்தில் அச்சொல் தமிழாகவே கேட்டது.

"குத்து மாத்தி! செமுவா மாத்தி!" என்று, பேன் அத்தனையும் செத்தது எனும் பொருளில் தொடர்ந்து கூறிய அதிகாரி, வீங்கிய முகத்தோடு சிரித்தார். அந்தச் சவுக்காரத்தால் முகம் கழுவிய அன்று அவர் பட்ட பாடு பெரிது. சினத்தில் அதனைத் தூக்கி எறிந்தார். அதை எடுத்துச் சிப்பாய்கள் தங்கள் போர்வைகளைத் துவைத்திருக்கிறார்கள். ஓராண்டாய் அவர்களைப் பிடுங்கித் தின்ற பேனும் மூட்டைப்பூச்சியும் பூண்டோடு ஒழிந்தன.

இன்னும் அறுநூறு கட்டிகள் வேண்டும். அதே சிவப்பில், பத்தே நாளில். தாள் பரஞ்சோதியிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

மறுநாள் பெரட்டில் பரஞ்சோதி வாளியின்மேல் ஏறினார்.

"கொப்பரையில் சிவப்பாக ஏதோ விழுந்திருக்கிறது. என்ன அது?"

"ஹை!" என்றது கூட்டம்.

"யார் சேர்த்தது என்று கேட்கிறேன்!"

"ஹை!"

"ஹை என்று சொல்லாதீர்கள்!"

"ஹை!"

அவர் தாமாகவே முயன்று பார்த்தார். செம்மண்ணைக் கலந்தார், சவுக்காரம் செங்கல்லாயிற்று. வெற்றிலைச் சாற்றையும் சுண்ணாம்பையும் கலந்தார். கொப்பரை பச்சையாய்ப் பொங்கி அடுப்பை அணைத்தது. இவ்வாறு ஆறு நாள்கள் வீணாயின. ஏழாம் நாள் மாலையில் தாளை எடுத்து முதற்கோட்டில் தம் பெயரை எழுதினார். இரண்டாம் கோட்டில் பேனா நின்றுவிட்டது. யார் பெயரை எழுதுவது? அம்மாசிக்கு மூன்று பிள்ளைகள். காளியம்மாவின் கணவனோ இருமல்காரன். பேனாவை மூடிவிட்டார்.

எட்டாம் நாட்காலையில் அவர் வாளியின்மேல் ஏறவில்லை. தரையிலேயே நின்றார். தரையில் நின்றால் அவர் இவ்வளவு குட்டை என்பது அன்றுதான் பலருக்கும் தெரிந்தது.

"நான் என் வாழ்நாளில் சவுக்காரம் செய்ததில்லை. அது எப்படிச் சிவந்தது என்பதும் எனக்குத் தெரியாது. எதிர்பார்த்த நிறம் என்றது பொய். தவறு என்னுடையது."

காளியம்மாதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஒங்களுக்குச் சவுக்காரம் தெரியாதுன்னு எங்களுக்கு மொத நாளே தெரியும்லா, ஐயா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பரஞ்சோதி கோபிக்கவில்லை. அதைக் கண்ட அம்மாசி தயங்கித் தயங்கி முன்னே வந்தான்.

"ஐயா, நீங்கதானே காரம் பத்தல, கூட்டுன்னு சொன்னீங்க? நாங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால பழுத்துக் கெடந்த ஊசி மெளகா அம்புட்டையும் பறிச்சு, அரைச்சு ஊத்திட்டேன்."

"மிளகாயா? அடேய், காரம் என்று நான் சொன்னது சாம்பல் நீரை!"

"சாம்பத் தண்ணிய சாம்பத் தண்ணின்னு சொன்னா என்னாங்க? சவுக்காரத்துக்கு எதுக்குக் காரம்னு நானும் ராத்திரி பூரா ரோசன பண்ணேன். சப்பான்காரன் ருசியே வேறயா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்!"

பெரட்டுக் களமே அதிரும்படி சிரிப்பு எழுந்தது. முதலில் விழித்துக்கொண்டு நின்ற பரஞ்சோதியும், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மெளகா போட்டா எறுகுமா அண்ணே?" என்றாள் காளியம்மா. "சாம்பத் தண்ணி சாரமில்லாம இருந்திச்சு. நாந்தான் வடிச்ச தண்ணிய மறுபடி புதுச் சாம்பல்ல ஊத்தி எறக்கினேன்."

"அதை ஏன் அன்றே சொல்லவில்லை?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

பரஞ்சோதி பையிலிருந்த தாளை எடுத்தார். முதற்கோட்டிலிருந்த தம் பெயரை அடித்தார். அதன்கீழ், 'சாம்பல் தண்ணீர், இரு முறை இறக்கியது' என்றும், அடுத்த கோட்டில், 'ஊசி மிளகாய், அம்மாசியின் கைப்பக்குவம்' என்றும் எழுதினார். எஞ்சிய கோடுகளைக் கூட்டம் நிரப்பிற்று. எவ்வளவு நேரம் கிண்டுவது, எந்த விறகு, எத்தனை கூடை மிளகாய் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்; சண்டையும் போட்டார்கள்.

பத்தாம் நாள் அறுநூறு கட்டிகள் லாரி ஏறின. அவற்றை எடுக்க வந்திருந்த அதிகாரி, தாளைக் காட்டும்படி கையை நீட்டினார். பரஞ்சோதி வேறு வழியின்றிக் கொடுத்தார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பத்துக் கோடுகளும் நிறைந்திருப்பதைக் கண்டு, பெயர்களை ஆயத்தமாய் எழுதி வைத்திருக்கிறாரே என்று மெச்சினார். இப்போதைக்குத் தேவையில்லை என்று திருப்பியும் கொடுத்தார்.

"ஹை!" என்றார் பரஞ்சோதி. அவ்வளவு மனமார அவர் அச்சொல்லை அதற்கு முன் சொன்னதில்லை.

மறுநாள் பெரட்டில், "இன்றைய சவுக்காரத்தில் உப்பைச் சிறிது சேர்த்துப் பார்ப்போம்" என்றார்.

"கல்லுப்பா, தூளுப்பா?" என்றான் அம்மாசி.

"எம்புட்டு?" என்றாள் காளியம்மா.

"எதுக்குங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பரஞ்சோதியின் கை தானாகவே கன்னத்தைத் தடவிற்று. பிறகு அவர் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் அமர்ந்து, விடை சொல்லத் தொடங்கினார். அன்று பெரட்டு முடிந்தபோது வெயில் ஏறிவிட்டது.