முப்பத்தி நாலு பேர்

"கேஸு! கேஸு கசியுது!" என்று சூளைப் பக்கமிருந்து கத்தல் கேட்டது. அடுத்த நொடி சைரன் அலறியது. உச்சி வெயில் நேரம். விருத்தாசலத்தில் பியூஸ் கட்டை சுடும் அந்தப் பீங்கான் கம்பெனியில் பேக்கிங் மேற்பார்வை வளர்மதிதான். ஆபத்து என்றால் ஆள் எண்ண வேண்டியவளும் அவளே. வருகைச் சீட்டை உருவிக்கொண்டு, எல்லாரையும் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு விரட்டினாள்.

விரல் நீட்டி எண்ணினாள். முப்பத்தி நாலு தலை. சீட்டிலும் முப்பத்தி நாலு. அப்பாடா!

மேனேஜர் தர்மராஜ் தீயணைப்பு நிலையத்துக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாரும் வெளிய வந்துட்டாங்க சார். உள்ள யாரும் இல்ல."

"வளரு, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது" என்றபடி ராஜாம்பாள் மோர்த் தூக்கைக் கீழே வைத்தாள்.

"உக்காருங்கக்கா, ஒண்ணும் ஆவாது" என்று சொன்ன வாய் அப்படியே நின்றது. ராஜாம்பாள் கம்பெனி ஆளே இல்லையே! தினமும் பின்பக்க வேலி ஓட்டை வழியாக வந்து மோர் விற்கிறவள். எட்டு வருஷமாகக் கூடவே உட்கார்ந்து ஊர்க்கதை பேசியதில் அவளையும் சேர்த்து எண்ணித் தொலைத்திருக்கிறாள். அப்படியென்றால் ஓர் ஆள் குறைகிறது.

வளர்மதி சீட்டைப் பிரித்துப் பேர் பேராகக் கூப்பிட்டாள். ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள்.

"பூங்கோதை!"

பதில் இல்லை.

"பூங்கோதை எங்கடி?"

"சைரன் அடிச்சதும் பின்னால ஓட்டைப் பக்கம் ஓடுச்சே" என்றாள் ராஜாம்பாள். "நான் உள்ள வரேன், அது எதுக்க ஓடுது. பஸ்ஸுக்குப் போற வழியாச்சேன்னு நெனச்சேன்."

அந்த ஓட்டையை ஒட்டித்தான் கழிவு மண் குழி இருக்கிறது. மேலே காய்ந்து வெடித்துத் தரை மாதிரியே கிடக்கும், உள்ளே இடுப்பளவுக்கு மேல் சேறு. ஓட்டையை அடைக்கத் தகரம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. "பொம்பளைங்க பஸ்ஸுக்கு அவ்ளோ தூரம் சுத்திப் போவணுமா? கொஞ்ச நாள் கழிச்சிப் பாத்துக்கலாம்" என்று அடைக்கவிடாமல் தடுத்தது யார்? சாட்சாத் வளர்மதியேதான்.

"சார், ஓராளு குறையுது! சைரன நிறுத்துங்க!"

"நிறுத்தக் கூடாதும்மா, ஃபயரு வண்டி வர்ற வரைக்கும்..."

"அவ கத்துனா காதுல விழுவாது சார்! நிறுத்துங்கன்றேன்ல!"

அவர் பதில் சொல்லும்முன் வாசல் அறையிலிருந்த வாட்ச்மேன் பழமலை சுவிட்சைத் தட்டினார். சட்டென்று அமைதி. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கோ தூரத்தில், சன்னமாக, ஒரு குரல்.

"அக்கா..."

வளர்மதி வேலியை வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடினாள். கருவேல முள் காலைக் கிழித்தது, அவள் நிற்கவில்லை. பின்னால் பழமலையும் நாலைந்து பேரும் வந்தார்கள். நல்லவேளையாகக் காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் அங்கே கேஸ் நாற்றம் இல்லை. ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். மார்பு வரை சேற்றில் பூங்கோதை. முகமெல்லாம் வெள்ளை மண்.

"அசையாதடி! அசைஞ்சா இன்னும் உள்ள இழுக்கும்!"

வேலியில் சாய்த்து வைத்திருந்த தகரங்கள் கண்ணில் பட்டன. ஓட்டையை அடைக்க வந்த அதே தகரங்கள். இரண்டைக் குழியின் மேல் நீளமாகப் போட்டார்கள். வளர்மதி குப்புறப் படுத்து ஊர்ந்தாள். தகரம் நெளிந்து அமுங்கியது. பழமலை அவள் கால்களைப் பிடித்துக்கொண்டார். பூங்கோதையின் வலது கை கிடைத்தது, வழுக்கியது. மறுபடி பிடித்தாள். தன் துப்பட்டாவை அந்தக் கையோடு சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இழுங்கண்ணே!"

ஒருமுறை, இருமுறை. சேறு விடுவதாக இல்லை. மூன்றாம் முறை இடுப்பு வந்தது, பிறகு கால்கள் வந்தன.

கரையில் கிடந்து இருமி இருமிச் சேற்றைத் துப்பினாள் பூங்கோதை. ஒரு செருப்பைக் காணோம். மூச்சு திரும்பியதும் வளர்மதியை நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்ளோ நேரமா கத்துறேன். யாருமே தேடி வரல. என்னைய எண்ணலியாக்கா நீ?"

கசங்கிய வருகைச் சீட்டு தகரத்தின் மேலேயே கிடந்தது. வளர்மதி அதை எடுத்தாள்.

"எண்ணிட்டேன்டி" என்றாள். "நீ இல்லாமலே எண்ணிக்க சரியா வந்துச்சு."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அந்த முள்ளுக்குள்ளேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.