தட்டையான கறுப்புப் பாறை

தச்சனுக்கு எதையும் தட்டையான இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை. மலைமேல் மூடுபனி இறங்கி, வந்த வழி மறைந்தபோதும் அப்படித்தான். கைப்பேசி எப்போதோ உயிரை விட்டிருந்தது. கிழக்கே போனால் பாதை, மேற்கே போனால் செங்குத்துப் பள்ளம். வீட்டில் மகள் பெரியம்மாவோடு காத்திருந்தாள். அவன் மனைவியின் திசைகாட்டியை வாங்கி, ரசமட்டம் வைப்பதுபோல ஒரு கறுப்புப் பாறைமேல் அலுங்காமல் வைத்தான்.

"கிழக்கு இந்தப் பக்கம். வா."

அவள் நகரவில்லை. சாலை ஜல்லியைச் சோதிக்கும் கூடத்தில் வேலை அவளுக்கு. கல்லைக் கண்டால் கால் நின்றுவிடும். பொறுக்கியதைச் சுமப்பது அவன் தலையெழுத்து. கல்யாணமானதிலிருந்து ஓர் அலமாரி கேட்கிறாள். "கல்லுக்கு அலமாரி கேக்கற ஒரே ஆள் நீதான்" என்று அவனும் சளைக்காமல் தட்டிக் கழிக்கிறான்.

அவள் சுத்தியலால் பாறையின் ஓரத்தைத் தட்டி ஒரு சில்லை எடுத்தாள்.

"இருட்டப் போகுது. இப்ப என்ன ஆராய்ச்சி? கருங்கல்லுதானே."

"கறுப்பா இருக்கறதெல்லாம் ஒண்ணு இல்லைங்க. கருங்கல்லுன்னா உள்ள பரல் பரலா மின்னும். இதுல பரலே தெரியல, பாருங்க. ஊசி குத்தின மாதிரி ஓட்டை வேற. எரிமலைக் குழம்பு வெளிய வந்து சட்டுனு ஆறினது. பசால்ட்."

நூலில் கட்டிய காந்தத்தைப் பாறையருகே தொங்கவிட்டாள். அது பாறைப் பக்கம் சாய்ந்தது.

"உள்ள இரும்புத்தாது இருக்கு. இது மேல வச்சா முள் எப்படிங்க உண்மை சொல்லும்?"

காந்தத்தையும் சுத்தியலையும் அவனிடம் கொடுத்துவிட்டு, தள்ளிப் போய்ப் புல்தரையில் நின்று திசைகாட்டியை நெஞ்சுயரத்தில் பிடித்தாள். முள் திரும்பி, கிழக்கை அவன் சொன்னதற்கு நேரெதிர்ப் பக்கம் காட்டியது. இன்னும் சில இடங்களில் பார்த்தாள். எங்கும் அதேதான்.

பனி ஒரு கணம் விலகியது. அவன் "வா" என்ற பக்கத்தில், கூப்பிடு தூரத்துக்குள்ளேயே தரை முடிந்திருந்தது. பாறையடியில் அவள் போட்டுவிட்டுப் போன சில்லை அவன், யாரும் சொல்லாமலே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

வீடு திரும்பிய மறுநாள், வந்த வேலையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, பட்டறையில் இருந்ததிலேயே நல்ல பலகையை எடுத்தான். வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் அடுக்காக மாட்டி, ரசமட்டம் பார்த்து, முதல் கல்லாக அந்தச் சில்லை வைத்தான்.

"இதுதானேப்பா உங்களை ஏமாத்துச்சு? இதுக்கா முதல் இடம்?" என்றாள் மகள்.

"கல்லு ஏமாத்தலம்மா. தன்கிட்ட என்ன இருக்குன்னு காட்டிட்டுத்தான் இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியல, உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுது. அவ இல்லைன்னா நான் இன்னைக்கு உன்கிட்ட பேசிட்டு இருக்க மாட்டேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அங்கிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது.

"ஒரு அடுக்கு பத்தாதுங்க."