கடைசித் தகட்டில் கும்பிடுபூச்சி

பாளையங்கோட்டையில் எங்கள் தோட்டத்து மதில் ஏழடி. படிப்பு முடிந்த பெண் வாசல் தாண்டக்கூடாது என்று அப்பா நேசையா வாத்தியார் போட்ட சட்டம் அதைவிட உயரம். இரண்டு வருஷமாக எனக்குத் துணை எலுமிச்சைச் செடியின் பூச்சிகளும் அப்பாவின் காமிராவும்தான். பூச்சியைப் படம் பிடிப்பதை மட்டும் அவர் தடுக்கவில்லை.

1911 தை மாதம் கண்டித் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அப்பாத்துரை பெண் கேட்டு எழுதினார். வயது நாற்பத்திரண்டு, மனைவி இறந்து ஆறு மாதம். பெண்ணின் படம் வேண்டுமாம்.

அப்பா என்னைப் படம் பிடிக்க முடிவு செய்த நாளில், படம் பதியும் கண்ணாடித் தகடு ஒன்றுதான் மீதி இருந்தது. அதில் அன்று காலைதான் வெளிறிய கும்பிடுபூச்சி ஒன்றை, பின்னால் கறுப்புத் துணி கட்டி, படம் பிடித்திருந்தேன். கழுவும்வரை அது அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. சொல்லியிருக்கலாம். பூச்சியும் நானும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படம் விகாரமாகட்டும், மாப்பிள்ளை பார்த்துவிட்டு ஓடட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

“எட்டு எண்ணுத வரைக்கும் அசையாதட்டி,” என்றார் அப்பா.

அரக்குச் சேலையில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தேன். உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

மறுநாள் தகட்டைக் கழுவித் தாளில் படம் எடுத்ததும் அத்தை சாரம்மாள்தான் முதலில் வாங்கிப் பார்த்தாள். பாழாய்ப்போன படத்தில் என் முகம் பளிச்சென்று இருந்தது. பூச்சியின் உடம்பு மங்கிவிட்டது. அதன் முன்னங்கால்கள் மட்டும் என் நெஞ்சுக்கு நேரே வெள்ளையாகக் குவிந்திருந்தன.

“அண்ணேன், பாத்தியளா! புள்ள ஜெபம்லா பண்ணுதா!”

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “கைய மடியிலதான வச்சிருந்தா... கர்த்தர் செயல்.”

“யப்பா, அது கும்பிடுபூச்சி! காலையில நான் பிடிச்சது!” என்று கத்தினேன்.

“வாய மூடுட்டி. கர்த்தர் காட்டுனதப் போய் பூச்சின்னா சொல்லுத?”

பங்குனியில் கண்டியிலிருந்து பதில் வந்தது. தாயில்லாத தம் நான்கு பிள்ளைகளுக்கும் ஜெபிக்கிற தாய் கிடைத்துவிட்டாள், சித்திரையில் விவாகம் என்று எழுதியிருந்தார். நான்கு பிள்ளைகள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தோட்டத்துக்கு ஓடிப்போய் அழுதேன். செடியில் ஒரு கும்பிடுபூச்சி கைகளைக் குவித்து, பக்கத்தில் வந்து உட்காரப்போகிற ஈக்காகக் காத்திருந்தது. அது எதற்குக் கும்பிடுகிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு காமிராவை எடுக்கப் போனேன். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது.

“அதையாவது கொண்டுபோறேன்பா,” என்றேன்.

அப்பா அன்பாகத்தான் சிரித்தார். “ஜெபம் பண்ணுத கைக்கு அது எதுக்குட்டி?”