பசைக்குள் போன வரி

ஒத்தக்கடையில் அட்டைப்பெட்டிகளுக்கு வடிவமைப்புச் செய்து தருவது எனது தொழிலாகும். சென்ற ஆண்டு, என் நண்பர் சிவக்குமார் ஆவாரம்பூத் தேநீர் விற்கத் தொடங்கியபோது, அதற்கான பெட்டியை அமைக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

பெட்டியின் முகப்பில் பூப் பறிக்கும் பெண் ஒருவரின் படம் இடம்பெற வேண்டும் என்பது என் எண்ணம். ஆகவே, அலங்காநல்லூருக்கு அப்பால் ஓடைக்கரையில் சிவக்குமாருக்காகப் பூப் பறித்துக்கொண்டிருந்த மலையம்மாளைப் படம் எடுத்தேன்.

"பல்லு தெரியச் சிரிக்கவா, வாய மூடிக்கிறவா?" என்று அவர் கேட்டார்.

"தெரியட்டும்மா."

"இருக்குறதே அம்புட்டுத்தான். எண்ணிராத."

அவ்வாறு கூறிவிட்டு அவர் சிரித்த சிரிப்பே பெட்டியில் அமைந்தது.

படத்தின் கீழே 'சர்க்கரையை விரட்டும்' என்று பெரிய எழுத்தில் அச்சிடுமாறு சிவக்குமார் கூறினார். அவ்வாறாயின், 'மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்தக் கூடாது' என்னும் வரியும் முகப்பிலேயே இருத்தல் வேண்டும் என்று நான் வாதிட்டேன்.

"முன்னாடி போட்டா எவன் மாப்ள வாங்குவான்? போடலேன்னும் யாரும் சொல்லக் கூடாது, எவன் கண்ணுலயும் படவும் கூடாது. உனக்கா சொல்லித் தரணும்?"

எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெட்டியின் ஓரத்தில், ஒரு விரல் அகலத்தில், பசை தடவும் மடிப்பு ஒன்று உண்டு. ஒட்டியபின் அது உள்ளே மறைந்துவிடும். மையின் மேல் பசை பிடிக்காது என்பதால் அங்கே எதையும் அச்சிடுவது தொழில் வழக்கமன்று. அவ்வரியை நான் அங்கே வைத்தேன். கணினித் திரையில் அது தெளிவாகவே தெரிந்தது.

பங்குனியில் ஒரு நண்பகல், மலையம்மாளின் மகன் கண்ணுச்சாமி தலை மழித்த கோலத்தில் என் கடைக்கு வந்தார்.

"அம்மா தவறிருச்சுண்ணே. பதினாறாம் நாளுக்குப் போஸ்டர் அடிக்கணும். ஆதார் கார்டு படந்தான் வீட்ல கெடக்கு. அது அம்மா மாதிரியே இல்ல. நீங்க எடுத்ததத் தாங்க."

"என்னப்பா ஆச்சு?"

"கால்ல முள்ளுக் குத்துச்சு. ஆறவே இல்ல. முழங்காலுக்குக் கீழ கால எடுத்தாக, அப்பவும் உசுரு நிக்கல. அஞ்சு மாசமா சர்க்கரை மாத்திரையத் தொடலயாம், ஆஸ்பத்திரியிலதான் தெரிஞ்சது. உங்க பெட்டிய சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்துச்சு. கேட்டா, 'எம் மொகத்தப் போட்டுப் பொய்யா எழுதுவாக?'ங்குது."

கோப்பைத் திறந்தேன். மலையம்மாள் சிரித்தார். படத்தைக் கொடுத்துக் கண்ணுச்சாமியை அனுப்பிவிடலாம். அவ்வரியைப் பற்றி அறிந்தவர்கள் நானும் சிவக்குமாருமே. எனினும், மேசை மேலிருந்த மாதிரிப் பெட்டியை எடுத்து, ஒட்டிய ஓரத்தைக் கிழித்து, மடிப்பை விரித்து அவரிடம் நீட்டினேன்.

அவர் அதை இருமுறை வாசித்தார்.

"இது எங்கண்ணே இருந்துச்சு?"

"பசைக்குள்ள."

"யாரு வச்சது?"

"நான்தான்."

அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் வேணாம்ணே. அது உங்க பெட்டிக்குச் சிரிச்ச சிரிப்பு. போஸ்டர நாங்க வேற எடத்துல அடிச்சுக்கிறோம். போறேன்."

கிழிந்த பெட்டியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வெளியேறினார்.

மறுவாரம், அலங்காநல்லூர்ப் பேருந்து நிறுத்தத்தில் அந்தச் சுவரொட்டியைக் கண்டேன். நான்கு புறமும் கறுப்புக் கரை. நடுவே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், பெயர் மட்டும் இருந்தது. எதிர்க்கடையின் அடுக்குத் தட்டில் மலையம்மாள் ஒன்பது பெட்டிகளில் சிரித்துக்கொண்டிருந்தார்.